கிணற்றில் பெட்ரோல் வாடையா? விளக்கை இறக்காதீர்கள்!

கோடையில் கிணறு தூர் வாரும்போது, ஆள் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பது மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் கிணற்றில் கெட்ட காற்று இருக்கிறது, யாரும் இறங்கக் கூடாது. நின்று எரிந்தால் இறங்கலாம். பல உயிர்களைக் காப்பாற்றிய வழக்கம்தான் இது. ஆனால், பெட்ரோல் பங்க் பக்கத்தில் உள்ள கிணற்றில் இதே வழக்கம் உயிரை எடுத்துவிடலாம்.

காரணம் எளிது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. கிணறு போன்ற பள்ளம் கிடைத்தால் அதில் போய்த் தேங்கிக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். அந்த நிலையில் உள்ள கிணற்றில் எரியும் விளக்கை இறக்கினால் அது அணையாது. கிணறே வாய் பிளந்து எரியும். மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஆபத்து.

'பங்க்கில் இருக்கும் பெட்ரோல் நம் கிணற்றுக்கு எப்படி வரும்?' என்ற கேள்வி எழுவது நியாயம். மதுரையைச் சுற்றி ரிங் ரோடும் நான்கு வழிச் சாலைகளும் வந்த பிறகு, நேற்று நஞ்சையாகவும் தோட்டமாகவும் இருந்த நிலங்களில் பங்க்குகள் எழும்பியுள்ளன. ஒரு பக்கம் பங்க், காம்பவுண்டுச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் கத்தரியோ மல்லிகையோ நெல்லோ. சுவர் தரைக்கு மேலேதான் இருக்கிறது. தரைக்குக் கீழே டேங்க்கும் பைப்பும் கிணற்று ஊற்றும் ஒரே மண்ணில்தான் இருக்கின்றன.

மோனோபிளாக்கும் சப்மெர்சிபிளும்

பங்க்கில் நம் கண்ணுக்குத் தெரிவது பெட்ரோல் போடும் மெஷின் மட்டும்தான். எரிபொருள் இருப்பது தரைக்கு அடியில் புதைத்த இரும்பு டேங்க்குகளில். அங்கிருந்து மெஷின் வரை புதைத்த பைப்புகள் செல்கின்றன. ஒவ்வொரு முனையிலும் எல்போ, யூனியன், வளையும் குழாய் என்று பல இணைப்புகள். பைப்பின் நடுப்பகுதியைவிட இந்த இணைப்புகளில்தான் கசிவு அதிகம் வரும். வயலில் பைப் லைன் போட்ட எவருக்கும் இது புதிய செய்தி அல்ல.

பெட்ரோலை மேலே கொண்டுவர இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, மெஷினுக்குள்ளேயே பம்ப் இருந்து உறிஞ்சி எடுப்பது. இது கிணற்று மேட்டில் வைத்த மோனோபிளாக் மோட்டார் மாதிரி. மற்றொன்று, டேங்க்குக்குள்ளேயே பம்ப் மூழ்கியிருந்து மேலே தள்ளுவது. இது போர்வெல் சப்மெர்சிபிள் மாதிரி. விற்பனை அதிகமுள்ள பங்க்குகளில் பெரும்பாலும் இரண்டாவது முறைதான்.

மோனோபிளாக் மோட்டாரின் உறிஞ்சு குழாயில் சிறு ஓட்டை விழுந்தால் என்ன ஆகிறது? தண்ணீர் வெளியே ஒழுகுவதில்லை. காற்று உள்ளே போகிறது, மோட்டார் காற்றுப் பிடித்துக்கொண்டு தண்ணீர் எடுக்க மறுக்கிறது. அதேபோல, உறிஞ்சும் வகை பங்க்கில் பைப் ஓட்டையானால் மெஷின் திணறும். ஊழியர்களுக்கு உடனே தெரிந்துவிடும். சப்மெர்சிபிள் போர்வெல்லின் டெலிவரி பைப்பில் ஓட்டை விழுந்தால் கதை வேறு. தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். தள்ளும் வகை பங்க்கில் பைப்புக்குள் சுமார் 2 கிலோ அழுத்தம் இருக்கும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு நாம் வைக்கும் அழுத்தத்தைவிடக் கூடுதல். மண்ணுக்குள் ஓட்டை விழுந்தால், பம்ப் ஓடும் நேரமெல்லாம் பெட்ரோல் மண்ணுக்குள் பாயும். மேலே மெஷின் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்.

உறிஞ்சும் வகையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் கிணற்றுக்குள் புட்வால்வு போடுவது, மோட்டாரை நிறுத்தினாலும் குழாயில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்காக. பங்க்கில் அந்த வால்வு டேங்க் பக்கம் இருந்தால், பம்ப் நின்ற பிறகும் பைப் நிறைய பெட்ரோல் நிற்கும். ஓட்டை வழியாக மெல்ல இறங்கும். வால்வு மெஷினின் அடியில் இருந்து, பைப்பும் டேங்க்கை நோக்கிச் சரிவாக இருந்தால், ஓட்டை விழுந்ததும் பைப்பில் உள்ளது டேங்க்குக்கே திரும்பிவிடும். ஒரு வால்வு எங்கே இருக்கிறது என்பதில் பக்கத்துத் தோட்டக்காரரின் கிணறு அடங்கியிருக்கிறது.

பழைய இரும்பு பைப்புகளுக்குத் துரு எமன். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் உள்ள கரிசலில் இன்னொரு தொல்லையும் சேரும். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும் மண் அது. வீட்டுச் சுவரையே கீறல் விட வைக்கும் அந்த மண் புதைத்த பைப்பை மட்டும் விட்டுவைக்குமா? மேலே டேங்கர் லாரிகள் ஏறி இறங்கும் பாரம் வேறு. இப்போது புதிதாக அமைக்கும் இடங்களில் துருப்பிடிக்காத பாலிஎத்திலீன் பைப்புகள் வருகின்றன. அவையும் இணைப்புகளில் கசியாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கணக்கு நோட்டில் தெரியாத கசிவு

'கசிந்தால் பங்க்காரருக்குத்தானே நட்டம், அவரே கண்டுபிடித்துவிடுவார்' என்று பலரும் நினைக்கிறார்கள். இதில் பாதி உண்மை.

ஒவ்வொரு பங்க்கிலும் தினமும் டேங்க்குக்குள் அளவுகோல் விட்டு இருப்பைக் குறிக்கிறார்கள். நேற்றைய இருப்பு, வந்த லோடு, மெஷின் காட்டும் விற்பனை மூன்றையும் வைத்துப் பார்த்தால் இன்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியும். அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி விட்டு, டேங்க்கின் அடியில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பசை நிறம் மாறினால் தண்ணீர். பல இடங்களில் இப்போது டேங்க்குக்குள்ளேயே அளவுக் கருவி பொருத்தப்பட்டு, அலுவலக அறையில் உள்ள திரையில் அளவு தெரிகிறது.

பெரிய கசிவு இதில் மாட்டிக்கொள்ளும். சிறிய கசிவு மாட்டாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர். ஒரு வருடத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல். அந்த 4 லிட்டரை நோட்டில் தேடுவோம். 2 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீளமும் உள்ள டேங்க்கில், பாதி நிரம்பிய நிலையில், அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் தவறாகப் படித்தாலே 12 லிட்டர் வித்தியாசம். 10,000 லிட்டர் பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் 12 லிட்டர் பெருகும். குளிர்ந்தால் அதே அளவு சுருங்கும். மெஷினுக்கு 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய சட்டமே அனுமதி தருகிறது. நாளைக்கு 5,000 லிட்டர் விற்கும் பங்க்கில் அதுவே 25 லிட்டர். இத்தனைக்கும் நடுவில் 4 லிட்டர் ஒளிந்துகொள்வது கடினமா என்ன? டீலர் நேர்மையானவராக இருக்கலாம், நோட்டும் ஒழுங்காக இருக்கலாம். அப்படியிருந்தும் வருடக்கணக்கில் கசிவு ஓடிக்கொண்டிருக்கலாம்.

அதனால்தான் பைப்பைத் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

பைப்பை எப்படிச் சோதிக்கிறார்கள்?

புதிதாகப் பைப் புதைக்கும்போது, மண் மூடுவதற்கு முன் இரு முனைகளையும் அடைத்துக் காற்றை அழுத்தி ஏற்றுகிறார்கள். எல்லா இணைப்புகளிலும் சோப்புக் கரைசலைத் தடவுகிறார்கள். நுரை கிளம்பும் இடம் கசியும் இடம். சைக்கிள் கடையில் டியூப் பஞ்சர் பார்க்கும் அதே உத்திதான். பிறகு அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் பங்க்கில் காற்றை ஏற்றுவது ஆபத்து. பைப்பில் பெட்ரோல் ஆவி இருக்கும். அதனுடன் காற்று கலந்தால் வெடிக்கும் கலவை தயார். அங்கே நைட்ரஜன் வாயுவைப் பயன்படுத்துவார்கள். இல்லையென்றால் பைப்பில் உள்ள எரிபொருளையே சோதனைக்கு வைத்துக்கொள்வார்கள். விற்பனையை நிறுத்தி, வால்வுகளை மூடி, வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, அந்த அழுத்தம் குறையாமல் நிற்க எவ்வளவு எரிபொருளைக் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கிறது என்று துல்லியமாக அளப்பார்கள். தள்ளத் தேவையே இல்லை என்றால் பைப் நலம். ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கும் குறைவான கசிவைக்கூட இந்த முறையில் பிடித்துவிடலாம்.

இதில் அவசரம் கூடாது. லோடு இறக்கிய உடனே சோதித்தால் டேங்க்கிலும் பைப்பிலும் வெப்பநிலை மாறிக்கொண்டே இருக்கும். அந்தச் சுருக்கமே கசிவு போலக் காட்டும். பைப்பின் ஒரு மூலையில் காற்று அடைத்திருந்தாலும் முடிவு தப்பாகும். காற்று ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிந்து, கசிவால் குறையும் அழுத்தத்தை ஈடுகட்டிவிடும். அரை மணி நேரத்தில் 'பாஸ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் சோதனை, சோதிக்காததைவிட மோசம்.

தள்ளும் வகை பங்க்குகளில் கசிவு உணர்த்தி என்ற சிறு கருவியைப் பம்ப்பின் தலையிலேயே பொருத்தலாம். பம்ப் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஒழுங்காக ஏறுகிறதா என்று அது பார்க்கும். ஏறவில்லை என்றால் ஓட்டத்தைக் குறைத்துவிடும். அமெரிக்காவில் 1988 முதல், தள்ளும் வகை பைப்புகளுக்கு இந்தக் கருவி கட்டாயம். மணிக்குச் சுமார் 11 லிட்டர் கசிவை அது ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். அதோடு வருடத்துக்கு ஒரு முறை நுட்பமான அழுத்தச் சோதனை, அல்லது மாதம்தோறும் வேறு வகைக் கண்காணிப்பு. இவ்வளவு கெடுபிடி ஏன்? கடந்த நாற்பது ஆண்டுகளில் அந்த நாட்டில் உறுதி செய்யப்பட்ட நிலத்தடி டேங்க் கசிவுகள் மட்டும் 5 லட்சத்துக்கு மேல். பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

தண்டையார்பேட்டையும் சுன்னாகமும்

நம் மாநிலத்தில் எல்லோருக்கும் கண்ணைத் திறந்தது 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் நடந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் போர்வெல் தண்ணீரில் எண்ணெய் வாடை வந்தது. சில வீடுகளில் தண்ணீருக்குப் பதில் எண்ணெயே வந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டைக் கிடங்குக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவு என்று தெரிய வந்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. குழாயைச் சரிசெய்வது எளிது. மண்ணுக்குள் இறங்கிவிட்ட எண்ணெயை வெளியே எடுப்பது அப்படியல்ல. அந்த வேலை வருடக்கணக்கில் இழுத்தது. மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.

விவசாயிகளுக்கு இன்னும் நெருக்கமான பாடம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருக்கிறது. அங்கே ஆறு கிடையாது. வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாமே கிணற்றை நம்பித்தான். சுன்னாகம் அனல்மின் நிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்தது. 2014, 2015-ம் ஆண்டுகளில் மக்கள் போராடினார்கள். கடைசியில் 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பல கிணறுகளுக்குப் பங்கிட்டால் அது எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புப் பாறை. மதுரைச் சமவெளியில் மேலே சில அடி மண், அதற்குக் கீழே மக்கிய பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள் ஓடும் கடினப் பாறை. மண்ணில் இறங்கும் பெட்ரோல் தண்ணீர் மட்டத்தைத் தொட்டதும் அதன் மேல் மிதக்கும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. பிறகு பாறை வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போகும். அதனால் பங்க்கை ஒட்டிய கிணறு சுத்தமாக இருந்து, 300 மீட்டர் தள்ளி உள்ள கிணற்றில் வாடை அடிக்கலாம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விடும்போதும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஊற்று மட்டம் மேலே வரும்போது, மண்ணில் ஒட்டிக் கிடந்த எண்ணெயும் கிளம்பி வரும். 'மழைக்காலத்தில் மட்டும் வாடை வருகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது' என்பவர்கள் நிம்மதி அடைய வேண்டாம்.

வாடை தெரியாத அளவிலும் ஆபத்து உண்டு. பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. இப்போது நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் அது நூற்றுக்கு ஒரு பங்கு வரை இருக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்குப்படி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் முழுவதும் கரைந்தால் சுமார் 8 லட்சம் லிட்டர் தண்ணீரைக் குடிக்க லாயக்கற்றதாக்கிவிடும். 25 அடி விட்டத்தில் 16 அடி தண்ணீர் நிற்கும் கிணறுகள் நான்கு. கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று நினைப்பதும் தவறு. அந்த ஆவி அடுப்படியில்தான் பரவும்.

பயிர் எப்படிக் காட்டும்?

எண்ணெய் கலந்த தண்ணீர் பாய்ந்தால், மண் ஈரமாக இருக்கும்போதே பயிர் வாடும். மண் துகள்களைச் சுற்றி எண்ணெய் படிந்து வேருக்குக் காற்று போகாததுதான் காரணம். காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால், மண் அதை உறிஞ்சாமல் முத்து முத்தாக மேலே நிற்கும். விதை முளைப்பது குறையும். கீழ் இலைகள் மஞ்சளாகும். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் வரும் மஞ்சள் அது. இதை வாடல் நோய் என்று நினைத்து மருந்து அடித்துக்கொண்டே இருந்தால் பணம்தான் போகும். வேர்ப்பகுதி மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். மூக்கு பொய் சொல்லாது.

வேளாண் துறையின் ஆய்வகத்தில் பாசன நீர் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் நல்லது. ஆனால், அங்கே பார்ப்பது கார அமிலத் தன்மையும் உப்பும்தான். எண்ணெய் கலந்த தண்ணீர் அந்தச் சோதனையில் 'பாசனத்துக்கு ஏற்றது' என்றே வரக்கூடும். எண்ணெய், பென்சீன் இருக்கிறதா என்று பார்க்கும் வசதி உள்ள ஆய்வகமா என்று முதலில் கேட்டுக்கொண்டு கொடுக்க வேண்டும். எடுக்கும் முறையும் முக்கியம். பிளாஸ்டிக் பாட்டில் உதவாது. சுத்தமான கண்ணாடி பாட்டிலில், கழுத்து வரை காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாதி பாட்டில் தண்ணீரை இரண்டு நாள் வெயிலில் வைத்திருந்து கொடுத்தால், உள்ளே இருந்த பென்சீன் பறந்து போயிருக்கும்.

வாடை வந்தால் முதல் நாள்

கிணற்றுப் பக்கம் பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் கூடாது. யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மோட்டாரைப் போடாதீர்கள். ஸ்டார்ட்டரின் தீப்பொறி போதும். ஸ்டார்ட்டர் கிணற்று மேட்டிலேயே இருந்தால் ஓடும் மோட்டாரை அணைக்கப் போவதும் ஆபத்து. மின்வாரிய லைன்மேனை அழைத்து டிரான்ஸ்பார்மர் பக்கம் துண்டிக்கச் சொல்லுங்கள். தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விட்டுச் சுத்தம் செய்துவிடலாம் என்ற யோசனையே வேண்டாம். கீழே உள்ளவர் வயலுக்கும் கண்மாய்க்கும் அது போகும். மாடுகளை அந்தத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். 101 அல்லது 112-ல் தீயணைப்புத் துறையை அழைக்கலாம்.

பிறகு பங்க் டீலரிடம் நேரில் சொல்லுங்கள். சண்டைக்குப் போக வேண்டியதில்லை, அவருக்கும் இது தெரியாமல் இருக்கலாம். பெரும்பாலான பங்க்குகளில் டேங்க்கும் பைப்பும் எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தம். அந்த நிறுவனத்தின் விற்பனை அதிகாரியின் தொலைபேசி எண் பங்க்கிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும். புகார்ப் புத்தகமும் கேட்டு வாங்கி எழுதலாம். 'பைப்பையும் டேங்க்கையும் கசிவுச் சோதனை செய்து, அதன் அறிக்கையைக் கொடுங்கள்' என்று குறிப்பிட்டு எழுதுங்கள். வெறுமனே 'வாடை வருகிறது' என்று எழுதினால், ஒருவர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போவார்.

அதே மனுவை மாவட்ட ஆட்சியரிடமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமும் கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் நாளும், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டமும் அதற்கு ஏற்ற இடங்கள். பங்க்குக்கு உரிமம் கொடுப்பது மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. தென் மண்டல அலுவலகம் சென்னையில் உள்ளது. ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த மனுவையும் கொடுக்காதீர்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. வேறு நிவாரணங்களுக்கு ஆறு மாதம்தான். வாடை முதலில் தெரிந்த தேதியை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைப்பது பின்னால் பெரிய உதவி.

புதிய பங்க்குகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒன்று உள்ளது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தவிர்க்க முடியாத இடத்திலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. நல்ல விதி. பாசனக் கிணற்றுக்கும் இப்படி ஒரு தூரத்தைத் தெளிவாக எழுதியிருக்கலாம். மதுரையைச் சுற்றி வரும் புதிய பங்க்குகளில் பல, வீடுகளைவிடக் கிணறுகளுக்குத்தான் பக்கத்தில் இருக்கின்றன.

வாசகர் கேள்விகள்

கிணற்றுத் தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. வாடை இல்லை. பக்கத்தில் பங்க் இருக்கிறது. இது எண்ணெயா? (திருமங்கலம் வட்டார வாசகர்)

இரும்புச் சத்து உள்ள தண்ணீரில் ஒரு வகை நுண்ணுயிர் இதே போன்ற படலத்தை உண்டாக்கும். வாளியில் எடுத்து, ஒரு குச்சியால் படலத்தைக் கீறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் இரும்பு நுண்ணுயிர். பயிருக்குப் பெரிய கெடுதல் இல்லை. கீறிய இடம் உடனே மீண்டும் கூடிக்கொண்டால் எண்ணெய் என்று சந்தேகிக்க வேண்டும். மேலே சொன்னபடி கண்ணாடி பாட்டிலில் எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள்.

ரோட்டோர நிலம் 40 சென்ட்டை பங்க்குக்கு நீண்ட கால வாடகைக்குக் கேட்கிறார்கள். மீதி நிலத்தில் நாங்களே விவசாயம் செய்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (மேலூர் வட்டார வாசகி)

வாடகைத் தொகையைப் போலவே மூன்று விஷயங்களைப் பத்திரத்தில் எழுத்தில் கேளுங்கள், அம்மா. வேலை தொடங்கும் முன் உங்கள் கிணற்று நீரையும் அந்த மண்ணையும் எண்ணெய்க்காகச் சோதித்து, அறிக்கை உங்கள் கையிலும் இருக்க வேண்டும். பின்னால் தகராறு வந்தால் 'முன்பே இப்படித்தான் இருந்தது' என்று யாரும் சொல்ல முடியாது. டேங்க், பைப் சோதனை ஒவ்வொன்றின் நகலும் நில உரிமையாளருக்குத் தரப்பட வேண்டும். ஒப்பந்தம் முடியும்போது டேங்க்கையும் பைப்பையும் தோண்டி எடுத்து, கெட்ட மண் இருந்தால் அகற்றித் தருவது அவர்கள் செலவு. இரட்டைச் சுவர் டேங்க் வைக்கிறார்களா, டேங்க்கைச் சுற்றி மண்ணைக் கண்காணிக்கும் குழாய்கள் போடுகிறார்களா என்றும் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

பக்கத்து பங்க்கில் பைப் சோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார்கள். தெரிந்துகொள்ள வழி உண்டா? (வாடிப்பட்டி வட்டார வாசகர்)

இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய அரசு நிறுவனங்களின் பங்க் என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் அந்த நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பங்க் அமைந்துள்ள ஊர், சாலை, டேங்க்குகள் நிறுவிய ஆண்டு, கடைசியாக டேங்க்கும் பைப்பும் சோதித்த தேதி, முடிவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். தனியார் நிறுவனத்தின் பங்க் என்றால் நேரடியாகக் கேட்க முடியாது. உரிமம் தந்த அமைப்பிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் உள்ள ஆவணங்களைக் கேட்கலாம்.

எங்கள் டிராக்டருக்கு வைத்திருந்த டீசல் கேன் கவிழ்ந்து வயல் மூலையில் பத்து லிட்டர் கொட்டிவிட்டது. அந்த இடத்தில் மறுபடி நடலாமா? (சோழவந்தான் வட்டார வாசகர்)

டீசல் ஊறிய மண்ணை அன்றைக்கே ஈரம் படாமல் வெட்டி எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இப்போதும் மேலே உள்ள கறுத்த மண்ணை அரை அடி வெட்டி, கிணறு, வாய்க்காலுக்குத் தூரமாக, தார்ப்பாயின் மேல் பரப்புங்கள். அந்த மண்ணிலும், குழியின் அடியிலும் நன்றாக மக்கிய தொழு உரத்தையும் கொஞ்சம் யூரியாவையும் கலந்து, லேசான ஈரத்துடன் வைத்து, வாரம் ஒரு முறை கிளறிவிடுங்கள். காற்றும் ஈரமும் தழைச்சத்தும் இருந்தால் நுண்ணுயிர்களே டீசலைத் தின்றுவிடும். பெட்ரோல் சீக்கிரம் பறந்துவிடும், டீசலுக்குச் சில மாதங்கள் ஆகும். வாடை போன பிறகு அந்த மண்ணில் ஒரு தொட்டியில் பத்துத் தட்டைப்பயறு விதைகளையும், நல்ல மண் உள்ள இன்னொரு தொட்டியில் பத்து விதைகளையும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒன்றுபோல முளைத்து வந்தால் நடலாம். முதல் போகத்தில் கீரையும் கிழங்கும் மட்டும் வேண்டாம்.